குர்ஜா எப்ப வரும், கானமயில் எங்க நிக்கும்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ராஜஸ்தான் தார் பாலைவனத்துலயும் குஜராத் கச்சுலயும் பறவை பாக்கப் போறதைப் பத்தி எழுதியிருந்தேன். அதுக்கு கடிதம், வாட்ஸ்அப், வாய்ஸ் மெசேஜ்னு நிறைய வந்துடுச்சு, பாதிக்கு மேல ஒரே மாதிரி கேள்விங்கதான், அதனால ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒருத்தரோட கேள்வியை மட்டும் எடுத்துக்கிட்டேன். சின்னக் குழுவா ஆளுங்களைக் கூட்டிட்டு அந்தப் பக்கம் பல வருஷமா போயிட்டு வர்றேன், அதுல கத்துக்கிட்டதை வச்சு சொல்றேன்.

அக்கா, எனக்கு வருஷத்துல ஒரே ஒரு வாரம் தான் சேர்ந்தாப்ல லீவு கெடைக்கும். அதுல ஜெய்சல்மேர், பிகானேர், தால் சாப்பர், கச்சு எல்லாம் முடிச்சிடலாமா? எந்த மாசம் போனா எல்லாப் பறவையும் பாக்கலாம்? – ஐடி ஊழியர், கோவை

எல்லாப் பறவையும் ஒரே மாசத்துல பாக்கறது எங்கயும் நடக்காது தம்பி, பாலைவனத்துல சுத்தமா நடக்காது. அங்க பறவையோட கணக்கே மழையையும் புல்லையும் வச்சுத்தான். ஜூலைல நாலு தூத்தல் விழுந்தா போதும், செவான் புல்லு குபுகுபுன்னு முளைக்கும், வெட்டுக்கிளி பெருகும், உள்ளூர்ப் பறவைங்க பல அப்பத்தான் முட்டை வைக்கும். ஆகஸ்ட் கடைசிலருந்து அக்டோபர் ஆரம்பம் வரைக்கும் மத்திய ஆசியாலருந்து ஆப்பிரிக்கா போற கூட்டம் நடுவழியில எறங்கி எளைப்பாறிட்டுப் போகும். நவம்பர்லருந்து பிப்ரவரி வரைக்கும் குளிர்கால விருந்தாளிங்க, அதாவது கஜகஸ்தான், மங்கோலியா பக்கத்துலருந்து வர்ற கழுகு, கொக்கு, வானம்பாடி எல்லாம். மார்ச் முடியறப்ப அதுங்க ஊருக்குக் கெளம்பிடும், அதுக்கப்புறம் வெயிலு.

ஒரே ஒரு தடவைதான்னா டிசம்பர் கடைசிலருந்து பிப்ரவரி பாதிக்குள்ள போங்க. ஆனா லிஸ்ட்டைக் கொறைங்க. ஜெய்சல்மேர்லருந்து பிகானேருக்கே 300 கிலோமீட்டருக்கு மேல, கச்சு வேற மாநிலம். நான் முதல் தடவை ஒரு டூர் கம்பெனியோட போனேன், பேர் வேணாம், ஆறு நாள்ல அஞ்சு ஊரு காட்டினாங்க, எனக்கு ஞாபகம் இருக்கறது ஜீப்போட பின்சீட்டும் டோல்கேட்டும் தான். பறவை பாக்கற நல்ல நேரம்னு பாத்தா விடிஞ்சதுலருந்து ஒரு பத்து மணி வரைக்கும், அப்புறம் சாயந்திரம் ரெண்டு மணி நேரம், அவ்ளோதான். பத்து மணிக்கு மேல தரையிலருந்து கானல் எழும்பி நூறடி தூரத்துல நிக்கற பறவையே தண்ணிக்குள்ள ஆடற மாதிரி ஆடும், எவ்ளோ பெரிய லென்ஸ் வச்சிருந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. அந்த நல்ல நேரத்தை ரோட்டுல தொலைச்சுட்டீங்கன்னா போனதுக்கே அர்த்தம் இல்லாம போயிடும்.

அதனால இந்தத் தடவை கச்சை விடுங்க. ஜோத்பூர்ல எறங்கி கீச்சன்ல ஒரு ராத்திரி, ஜெய்சல்மேர் பக்கம் சாம் – சுதாசரி ஏரியால மூணு ராத்திரி, மிச்சம் பிகானேர். தால் சாப்பர் அங்கருந்து இன்னொரு பயணம், அது வெறும் ஏழு சதுர கிலோமீட்டர் புல்வெளி தான், ஆனா கருமான் கூட்டத்துக்கு நடுவுல பொழுது சாயறப்ப பூனைப்பருந்துங்க ஒவ்வொண்ணா வந்து புல்லுக்குள்ள படுக்க எறங்கறதைப் பாக்கறதுக்கே ஒரு முழு சாயந்திரம் வேணும், அவசரத்துல பாக்கற எடம் இல்ல. நம்ம பக்கத்துலருந்து ரயிலும் இருக்கு, மன்னார்குடிலருந்து ஜோத்பூரை ஒட்டின பகத் கீ கோட்டிக்கு வாரம் ஒரு வண்டி, ஓடற கெழமையைப் பாத்துட்டு லீவு போடுங்க. அப்புறம் குளிருக்கு துணி. பாலைவனம்னா சூடுன்னு நெனச்சுட்டு டீஷர்ட்டோட வந்து ஜனவரி விடிகாலைல தொறந்த ஜீப்புல பல்லு கிட்டிச்சு உக்காந்தவங்களை நெறைய பாத்துட்டேன்.

எனக்கு 67 வயசு, முட்டி வலி, ரொம்ப நடக்க முடியாது, சுத்த சைவம். பறவைன்னா உயிர். என்னால வர முடியுமாம்மா? – ஓய்வு பெற்ற ஆசிரியை, கும்பகோணம்

கண்டிப்பா வாங்கம்மா. உங்களுக்குன்னே ஒரு ஊர் இருக்கு, கீச்சன். பலோடி பக்கத்துல ஒரு கிராமம், ஜோத்பூர்லருந்து மூணு மணி நேரத்துல போயிடலாம். டெமாய்செல் கிரேன்னு சொல்ற சாம்பல் நிறக் கொக்கு, கொக்கு குடும்பத்துலயே சின்னது இதுதான், அங்க அதுக்கு பேரு குர்ஜா. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர்ல வர ஆரம்பிச்சு மார்ச் வரைக்கும் ஆயிரக்கணக்குல இருக்கும். மங்கோலியா பக்கத்துலருந்து இமயமலையைத் தாண்டி வர்ற பறவைம்மா அது, ரெண்டு மூணு கிலோ எடைதான் இருக்கும்.

அந்த ஊர் ஜைன மக்கள் அதுக்கு தானியம் போடறாங்க, பல தலைமுறை பழக்கம்னு சிலர் சொல்வாங்க, இப்ப நாம பாக்கற அளவுக்கு பெருசா ஆனது 1970களுக்கு அப்புறம். ஊருக்குள்ளயே வேலி போட்டு ஒரு மைதானம், சுக்கா கர்னு பேரு, ராத்திரியே தானியத்தைத் தூவி வச்சிடுவாங்க. நீங்க பக்கத்து வீட்டு மொட்டை மாடில ஒரு நாற்காலி போட்டு உக்காந்துக்கலாம். விடிஞ்சதும் முதல்ல சத்தம் தான் வரும், குர் குர்னு தூரத்துல யாரோ கும்பலா பேசிட்டு வர்ற மாதிரி, அப்புறம் வானத்துல வரிசை வரிசையா தெரியும், ஆனா உடனே எறங்காது, வெளிய மணல்ல கூடி நின்னு பாத்துட்டு ஒரு கூட்டம் எறங்கும், அது சாப்பிட்டு எழுந்ததும் அடுத்த கூட்டம். பந்தி மாதிரி. கருப்புக் கழுத்து, காதோரம் வெள்ளைக் குஞ்சம், செவப்புக் கண்ணு, உங்க பைனாகுலர்ல அந்தக் கண்ணோட செவப்பு வரைக்கும் தெரியும். சாப்பிட்டதும் ஊருக்குப் பக்கத்துக் குளத்துக்குப் போயிடும், அங்கயும் வண்டி போகும். 2025 ஜூன்ல இந்த எடத்துக்கு ராம்சர் அங்கீகாரம், அதாவது முக்கியமான நீர்நிலைங்களுக்குக் குடுக்கற சர்வதேச அங்கீகாரம், கெடைச்சுது.

சாப்பாட்டைப் பத்தி கவலையே வேணாம், அந்தப் பக்கம் சைவம் தான் எங்க பாத்தாலும், கம்பு ரொட்டியும் கேர் சாங்கிரின்னு ஒரு கறியும் குடுப்பாங்க. அந்த சாங்கிரி எது தெரியுமாம்மா, நம்ம கோயில்ல தல விருட்சமா சுத்தி வர்றோமே வன்னி மரம், அதோட காய். அங்க அதுக்கு கேஜ்ரின்னு பேரு. இன்னொண்ணு, அந்த ஊர் பொம்பளைங்க தூரதேசம் போன புருஷனுக்கு சேதி சொல்லச் சொல்லி குர்ஜாவைக் கூப்பிட்டு பாட்டு பாடுவாங்க. நம்ம பழைய புலவருங்க நாரையைத் தூது விட்டதைப் பாடம் நடத்தியிருப்பீங்க, நீங்க போய் அதைக் கேக்கணும்.

கானமயிலைக் கண்டிப்பா காட்டுவீங்களா? காட்டலைன்னா பணம் திருப்பித் தருவீங்களா? – வாசகர், ஈரோடு

மாட்டேன் சார், யாராவது கண்டிப்பா காட்டறேன்னு சொன்னா அவங்களோட போகாதீங்க. மொத்த உலகத்துலயும் 150க்கும் கம்மியாத்தான் மிச்சம் இருக்குன்னு கணக்கு, அதுல பெரும்பாலானது ஜெய்சல்மேர் மாவட்டத்துலதான். பாலைவனத் தேசியப் பூங்கான்னு 1980ல அறிவிச்சது 3,000 சதுர கிலோமீட்டருக்கு மேல, அதுல இந்தப் பறவையைத் தேடணும்.

பேரு கானமயில்னாலும் மயில் இல்ல, இங்கிலீஷ்ல கிரேட் இண்டியன் பஸ்டர்டு. ஒரு மீட்டர் உயரம், ஆண் 15 கிலோ வரைக்கும் வரும், பறக்கற பறவைங்கள்லயே ரொம்ப கனமானதுல இதுவும் ஒண்ணு. ராஜஸ்தானோட மாநிலப் பறவை, அங்க கோடாவண்ம்பாங்க. ஒரு காலத்துல பஞ்சாப்லருந்து நம்ம தமிழ்நாடு வரைக்கும் இருந்துச்சு. வேட்டையில பாதி போச்சு, புல்வெளியை எல்லாம் தரிசுன்னு எழுதி வயலாவும் கட்டடமாவும் மாத்தினதுல மீதி போச்சு. இப்ப எமன் கரண்ட் கம்பி. அதோட கண்ணு தலையோட ரெண்டு பக்கத்துல இருக்கு, கீழ என்ன இருக்குன்னு பாத்துக்கிட்டே பறக்கற பறவை, நேர் முன்னால இருக்கறது சரியா தெரியாது, தெரிஞ்சு திரும்பறதுக்கும் அந்த கனம் விடாது. சோலார், காத்தாலை மின்சாரத்தைக் கொண்டு போற கம்பி அது வாழற எடத்துக்கு குறுக்க ஓடுது. 2021 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் கம்பியைப் பூமிக்கடியில பதிக்கணும்னு உத்தரவு போட்டுச்சு, 2024 மார்ச்ல அதைத் தளர்த்தி நிபுணர் குழுகிட்ட குடுத்துச்சு. வருஷத்துக்குப் பொதுவா ஒரே ஒரு முட்டை வைக்கற பறவை சார். ஒரு கம்பியில ஒரு தாய் அடிபட்டா அந்த நஷ்டத்தை எதை வச்சு ஈடு கட்டறது? எனக்கு இதை நெனச்சா தூக்கம் வராத ராத்திரி உண்டு. மின்சாரமும் வேணும்தான், ஆனா எங்க கம்பி ஓடணும்னு முடிவு பண்றப்ப பறவையையும் ஒரு ஆளா நெனச்சு உக்கார வச்சிருக்கணும். நல்ல சேதியும் ஒண்ணு சொல்லிடறேன், சாம்ல 2019ல ஆரம்பிச்ச இனப்பெருக்க மையத்துல குஞ்சுங்க வளருது, 2024 அக்டோபர்ல செயற்கைக் கருவூட்டல் மூலமா முதல் குஞ்சு பொறந்துச்சு.

ஒரு தடவை ரெண்டு நாள் தேடியும் பறவை கண்ணுல படல. மூணாம் நாள் காலைல எங்க கைடு, அங்கேயே ஆடு மேய்ச்சு வளர்ந்தவர், ஜீப்பை நிறுத்தி எறங்கச் சொன்னார். மணல்ல கால் தடம். என் கையை விரிச்சு பக்கத்துல வச்சுப் பாத்தேன், மூணு விரல், பின்னால விரலே இல்ல. அந்தக் குடும்பத்துக்கே பின்விரல் கெடையாது, ஓடறதுக்கான காலு. தடத்தோட ஓரம் இன்னும் சரியாம கூர்மையா இருந்துச்சு, விடிஞ்சப்புறம் தான் போயிருக்குன்னார் அவர். அந்தத் தடம் ஒரு அடி, ஒரு அடி, ஒரு அடின்னு நேரா போய் செவான் புல்லுக்குள்ள மறைஞ்சிடுச்சு. நாங்க பின்னால போகல, அவர் விடல. என் கூட வந்த எட்டு பேர்ல ஒருத்தர் கூட பணத்தைத் திருப்பிக் கேக்கல சார்.

நாங்க டீச்சர்ஸ், மே மாசம் தான் லீவு. மே மாசத்துல போகலாமா? – ஆசிரியர் தம்பதி, திண்டுக்கல்

வேண்டாம். 2016 மே 19ம் தேதி பலோடில 51 டிகிரி பதிவாச்சு, கீச்சனுக்குப் பக்கத்து ஊரு. அரையாண்டு லீவுல போங்க, அது சரியா டிசம்பர் கடைசிதானே.

டெலிபோட்டோ லென்ஸ் 600 எம்எம் வச்சிருக்கேன். பறவை கிட்ட வர்றதுக்கு கத்தற சத்தத்தை மொபைல்ல போடலாமா? ஜீப்பை ரோட்டை விட்டு எறக்கி கிட்ட போக விடுவாங்களா? ட்ரோன்? – போட்டோகிராபர், சேலம்

மூணுக்கும் கூடாதுன்னுதான் பதில் சார், ஏன்னு சொல்றேன். மொபைல்ல போடற சத்தம் அந்தப் பறவைக்கு இன்னொரு ஆண் தன் எடத்துல நுழைஞ்சிட்டான்னு அர்த்தம். அது தீனி தேடறதை விட்டுட்டு சண்டைக்கு வரும், இல்லாத எதிரியோட. பாலைவனத்துல அந்தக் கால் மணி நேரத் தீனி பெருசு. ஜீப்பை ரோட்டை விட்டு எறக்கக் கூடாது, ஏன்னா வானம்பாடியும் கல்கவுதாரியும் தரையிலதான் முட்டை வைக்கும், முட்டை மணல் கலர்லயே இருக்கும், டயருக்குக் கீழ போனது உங்களுக்குத் தெரியவே தெரியாது. ட்ரோன் அங்க சட்டப்படியே வம்பு, பாகிஸ்தான் எல்லை பக்கத்துல இருக்கு, அடையாள அட்டையை எப்பவும் சட்டைப் பையில வச்சுக்கிட்டுத்தான் சுத்தணும்.

சின்ன ரண் ஆப் கச்சுல, அதாவது கச்சுப் பக்கத்து உப்பு வெளியில, ஒரு ஜனவரியில நான் கண்ணால பாத்தது. மெக்வீன்ஸ் பஸ்டர்டுன்னு ஒரு பறவை, குளிருக்கு வர்றது, கானமயிலோட சின்ன தம்பி மாதிரி இருக்கும். மூணு ஜீப் அதை வளைச்சு வளைச்சு ஓட்டுச்சு, படம் வேணும்னு. அது ஓடுச்சு, நின்னுச்சு, திரும்ப ஓடுச்சு, கடைசில எந்திரிச்சுப் பறந்து கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போயிடுச்சு. படம் எடுத்தவங்களுக்கு கெடைச்சது ஒரு பயந்த பறவையோட முதுகு.

உங்க லென்ஸுக்கு நல்ல படம் வேணும்னா வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைச்சுட்டு ஒரே எடத்துல உக்காருங்க. ஒயிட் பிரௌடு புஷ்சாட்னு ஒரு சின்னப் பறவை இருக்கு, குருவி அளவுதான், ஆண் திடீர்னு நெஞ்சை புஸ்ஸுனு உப்பிக்கிட்டு இடமும் வலமும் உருள்ற மாதிரி ஆடும். நாம அசையாம இருந்தா ஜீப்புக்கு இருபதடி தூரத்துல அதைப் பண்ணும். துரத்தினா வாழ்நாள்ல பாக்க மாட்டீங்க.

இப்பதான் போன்லயே ஆப் இருக்கே, சத்தத்தை வச்சே பேர் சொல்லிடுது. கைடுக்கு எதுக்கு தனியா பணம்? – கல்லூரி மாணவர், திருச்சி

ஆப் நல்லது தம்பி, நானும் வச்சிருக்கேன். அது பறவையோட பேரைச் சொல்லும், ஆனா பறவை எந்தப் பக்கம்னு யாரு சொல்றது? பாலைவனத்துல மரம் கொறச்சல், அடையாளம் எதுவும் கெடையாது, எல்லாத் திசையும் ஒரே மாதிரி இருக்கும், பல எடத்துல சிக்னலும் இல்ல. மணல் நிறத்துலயே கோர்ஸர்னு ஒரு பறவை இருக்கு, ஓடும், சட்டுனு நிக்கும், நின்னா கல்லு. நான் பைனாகுலர் வச்சு தேடிட்டு இருப்பேன், கைடு வெறும் கண்ணால அதோ ரெண்டாவது எருக்கஞ்செடிக்கு இடதுகைப் பக்கம்னு சொல்லுவார். எந்தக் குட்டையில இந்த வருஷம் தண்ணி நிக்குது, செத்த ஒட்டகம் எங்க கெடக்குது, எந்தப் புல்வெளியில இன்னும் கூடு இருக்கறதால போகக்கூடாது, இதெல்லாம் போன வாரச் செய்தி, எந்த ஆப்லயும் வராது.

இன்னொரு விஷயமும் இருக்கு. அந்தக் காசு ஊருக்குள்ள போறதாலதான் புல்வெளிக்கு அங்க ஒரு மதிப்பு வருது. ஓரண்னு சொல்வாங்க, சாமிக்கு விட்ட காடு, நம்ம கோயில்காடு மாதிரி, மரம் வெட்ட மாட்டாங்க. அந்த எடத்துக்கெல்லாம் நம்மளைக் கூட்டிட்டுப் போறவர் உள்ளூர்க்காரரா இருந்தா அவர் பிள்ளையும் அதைக் காப்பாத்தும். பேரம் பேசாம குடுங்க.

பிகானேர் ஜோர்பீர்ல செத்த மாடு, ஒட்டகம் போடற எடத்துக்குக் கூட்டிட்டுப் போவீங்கன்னு கேள்விப்பட்டேன். பத்து வயசுப் பையனைக் கூட்டிட்டு வரலாமா? நாத்தம் தாங்குமா? – வாசகி, சென்னை

நாத்தம் இருக்கும்மா, மறைக்க மாட்டேன். மூக்குக்கு துணி கட்டிக்கங்க, வண்டியை விட்டு எறங்காதீங்க, ஏன்னா அங்க தெருநாய்க் கூட்டம் பெருசு, பொல்லாதது. இது ரெண்டும் சரின்னா பையனைத் தாராளமா கூட்டிட்டு வாங்க. அவன் ஒரே பார்வையில அத்தனை பெரும்பறவையை வேற எங்க பாக்கப் போறான்? பாறுன்னா பிணந்தின்னிக் கழுகு, அதுல கிரிபான் பாறு, மஞ்சள்முகப் பாறு, ஸ்டெப்பி கழுகு நூத்துக்கணக்குல, சினேரியஸ் பாறு எறக்கையை விரிச்சா கிட்டத்தட்ட மூணு மீட்டர். பக்கத்து மரத்துல மஞ்சக்கண்ணு புறாக் கூட்டமும் குளிருக்கு வந்து உக்காந்திருக்கும், எல்லாரும் பாறையே பாத்துட்டு அதை விட்டுடுவாங்க.

பையனுக்கு ஒரு கதையும் சொல்லுங்க. நாடு முழுக்க பாறு கூட்டம் கூட்டமா இருந்துச்சு, 1990களுக்கு அப்புறம் அழிஞ்சு போச்சு, சில இனம் நூத்துல அஞ்சு கூட மிஞ்சல. காரணம் மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி. அந்த மாடு செத்து, அதைத் தின்ன பாறுக்கு சிறுநீரகம் கெட்டு செத்துப் போச்சு. 2006ல கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை பண்ணாங்க, 2023ல கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ரெண்டையும் தடை பண்ணாங்க. நம்ம முதுமலைப் பக்கத்துல மிஞ்சி இருக்கற பாறுக்கும் இதே மருந்துதான் எமன்.

தாரா, கச்சா, எது நல்லது? – வாசகர், தூத்துக்குடி

ஒண்ணு மணல், ஒண்ணு உப்பு. நீங்க உப்பளத்து ஊர்க்காரர், கச்சுக்குப் போங்க, உங்களுக்கு அந்த வெள்ளை பழக்கமானதா இருக்கும். நாகர்கோவில்லருந்து காந்திதாமுக்கு வாரம் ஒரு ரயில் இருக்கு. சின்ன ரண்ல காட்டுக்கழுதை சரணாலயம் கிட்டத்தட்ட 5,000 சதுர கிலோமீட்டர், மழைக்காலத்துல தண்ணி நின்னு மூடிடுவாங்க, அக்டோபர் பாதிக்கு மேலதான் தொறப்பாங்க. பூநாரைக் கூட்டம், உப்பு எடுக்கற அகரியா மக்களோட குடிசை, மேட்டுப் புல்லுல பகல்ல படுத்திருக்கற குட்டைக்காது ஆந்தை, எல்லாம் அங்கதான்.

ஆனா நான் கச்சுக்குப் போறதே ஒரு பறவைக்காக. பன்னின்னு பேர் உள்ள புல்வெளியில ஃபுலாய்னு ஒரு கிராமம், அங்க குளிர்காலத்துல ஹைப்போகோலியஸ் வரும். ஈராக், ஈரான் பக்கத்துப் பறவை, அந்தக் குடும்பத்துல அது ஒண்ணே ஒண்ணுதான், இந்தியாவுல வருஷா வருஷம் நம்பிப் போய்ப் பாக்கக்கூடிய எடம் இதுதான். கொண்டைக்குருவி அளவு, வழவழன்னு சாம்பல், ஆணுக்கு கண்ணைச் சுத்தி கருப்புக் கட்டு. சூரியன் எழுந்த கொஞ்ச நேரம் புதர் உச்சியில உக்காந்து வெயில் காயும், அப்புறம் உள்ள போயிடும். அது தின்ன வர்ற பழம் எது தெரியுமா, உகா மரத்துப் பழம். அதே உகா, நம்ம கடலோரத்துலயும் இருக்கறது, குச்சியை ஒடிச்சு பல்லு தேய்ப்பாங்களே. அங்க பீலுன்னு சொல்றாங்க. அதே பன்னியை மூடிட்டு வர்றது நம்ம ராமநாதபுரத்தை மூடின அதே சீமைக்கருவேலம், அந்த ஊர்க்காரங்க அதுக்கு வச்ச பேரு காண்டோ பாவள், பைத்தியக்காரக் கருவேலம்னு அர்த்தம். உகாவை அது முழுங்கிட்டா அவ்ளோ தூரம் பறந்து வர்ற பறவை எதைத் தின்னும்?

கூட்டமே வேண்டாம்னா செப்டம்பர்ல போங்க. புழுக்கம் இருக்கும், ஆனா ஐரோப்பியப் பனங்காடை, நீலக்கன்னப் பஞ்சுருட்டான், செம்முதுகுக் கீச்சான் எல்லாம் ஆப்பிரிக்கா போற வழியில புதருக்குப் புதர் உக்காந்திருக்கும். டூரிஸ்ட் ஒருத்தர் இருக்க மாட்டாங்க.

மழைக்காலத்துல ஒண்ணுமே இல்லையா? – வாசகர், நாமக்கல்

இருக்கு, வரகுக்கோழி, கானமயில் குடும்பத்துச் சின்னப் பறவை. ஆஜ்மீர் பக்கம் ஷோகலியா, முழுப் பாலைவனம் இல்ல, ஓரம். ஜூலைலருந்து செப்டம்பர் வரைக்கும், சோளம், பாசிப்பயறு வயலுக்கு நடுவுல ஆண் ஒன்றரை, ரெண்டு மீட்டர் உயரம் செங்குத்தா எகிறி எறங்கும், ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல. பயிருக்கு மேல ஒரு கருப்புத் தலை எட்டிப் பாத்துட்டு மறையற மாதிரி இருக்கும். இதுவும் அழிவோட விளிம்புல நிக்கற பறவைதான், வயல் வரப்புல நின்னே பாருங்க, உள்ள கால் வைக்காதீங்க.

ஆன்ட்டி, கல்கவுதாரி றெக்கையில தண்ணி தூக்கிட்டுப் போகும்னு எங்க மிஸ் சொன்னாங்க, நெஜமா? – ஏழாம் வகுப்பு மாணவி, விருதுநகர்

நெஜம்தான் கண்ணு, ஆனா றெக்கையில இல்ல, வயித்து முடியில. நான் பாத்தது சொல்றேன். மார்ச் முதல் வாரம், ஜெய்சல்மேர் தாண்டி ஒரு கிராமத்துக் குட்டை, ஆட்டுக்கு வெட்டினது. நாங்க எட்டு மணிக்கே போய் ஒரு கேர் புதருக்குப் பின்னால உக்காந்துட்டோம். எட்டரைக்கு மேல கட்ரோ கட்ரோன்னு சத்தம், பத்து பத்தா பறந்து வந்துச்சு. ஆனா நேரா தண்ணிக்கு வராது, பருந்து இருக்குமோன்னு பயம், கொஞ்சம் தள்ளி எறங்கி குட்டைக் கால்ல குடுகுடுன்னு நடந்து வந்து அவசர அவசரமா நாலு மடக்கு குடிச்சுட்டுப் பறந்துடும். ஒரே ஒரு ஆண் மட்டும் போகல. அது தண்ணிக்குள்ள எறங்கி, வயித்தை முக்கி, உடம்பை மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே இருந்துச்சு, சட்டி கழுவற மாதிரி. அதோட வயித்து முடி சுருள் சுருளா இருக்கும், நனைஞ்சா விரிஞ்சு ஸ்பாஞ்சு மாதிரி தண்ணியைப் புடிச்சுக்கும். அப்படியே பறந்து போய்க் குஞ்சுங்க முன்னால நிமிர்ந்து நிக்கும், குஞ்சுங்க வயித்துக்குக் கீழ வந்து முடியை உறிஞ்சிக் குடிக்கும். அதுங்க காஞ்ச விதையை மட்டுமே தின்னுதுங்களா, தண்ணி இல்லாம முடியாது, குஞ்சால பறக்கவும் முடியாது, அதனால அப்பா தான் கொண்டு போகணும்.

ஆப்பிரிக்காவுல இதே குடும்பத்துப் பறவையை ஆராய்ச்சி பண்ணி அளந்திருக்காங்க, ஒரு தடவைக்கு இருபத்தஞ்சு மில்லி வரைக்கும் புடிக்குமாம். உங்க வீட்டு மருந்து பாட்டில் மூடி இருக்கும்ல, அதுல ரெண்டரை மூடி. அளந்து பாரு.

நாங்க பாத்த அந்த ஆண் எந்திரிச்சப்ப வயித்துலருந்து ரெண்டு மூணு சொட்டு வெயில்ல மின்னிக்கிட்டே விழுந்துச்சு கண்ணு, அது வடக்குப் பக்கம் திரும்பி நேர்கோடா பறந்துச்சு, கண்ணுக்குத் தெரியற வரைக்கும் பாத்தோம், அந்தப் பக்கம் மணலைத் தவிர ஒண்ணுமே இல்ல.